பழைய டாங்கியைப் புதுப்பிப்பதா, புதிதாக வடிவமைப்பதா?

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நோட்டீஸ் போர்டில் "டேங்க் பற்றிய உரை" என்று மட்டும் எழுதிவிட்டார்கள். அதனால் காலையிலிருந்து மூன்று பேர் என்னை நிறுத்தி, மாடித் தொட்டியை எப்போது கழுவப் போகிறார்கள் என்று விசாரித்தார்கள். அதற்குச் செயலாளர் பதில் சொல்வார். நான் பேசப் போவது ஆவடியில் செய்கிற டேங்க்கைப் பற்றி. டாங்கி என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அது.

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. பி.காம் முடித்துவிட்டு 36 வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன். பணம் எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று பார்த்துப் பழகிய கண் இது. ஓய்வு பெற்றபின் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற பழக்கம் வந்தது. அதில் அடிக்கடி கண்ணில் பட்ட செய்தி இது: நம் படையிடம் இருக்கும் பழைய டாங்கிகளுக்கு ஒரு பக்கம் புது எஞ்சின் வாங்குகிறார்கள், இன்னொரு பக்கம் புது டாங்கி வடிவமைக்கக் கோடிகளை ஒதுக்குகிறார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் எதற்கு என்று யோசித்தேன். இங்கிருந்து லோக்கலில் ஏறி பார்க்கில் இறங்கி சென்ட்ரலில் மாறினால் ஆவடி. நம் வரிப்பணத்தில் இவ்வளவு பெரிய முடிவு ஒன்று லோக்கல் டிக்கெட் தூரத்தில் நடக்கிறது.

முதலில் ஆவடியின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1961-ல் பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டோம். வடிவமைப்பு அவர்களுடையது, தயாரிப்பு நம்முடையது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 டிசம்பரில் முதல் வண்டி வெளியே வந்தது. அதன் பெயர் விஜயந்தா. 39 டன் எடை, 105 மி.மீ. பீரங்கி. 1980கள் வரை சுமார் 2,200 வண்டிகள் செய்தார்கள். 1971 போரிலும் அது போனது. அதன் தலைவலி எஞ்சின்தான். லேலண்ட் எல்60 என்ற அந்த எஞ்சின் பிரிட்டனின் சொந்த டாங்கியான சீஃப்டனிலும் தகராறு செய்தது. எஞ்சின் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுக்க அது திரும்பத் திரும்ப வரும்.

விஜயந்தாவுக்கு வயதானபோது அதை அப்படியே பழைய இரும்புக்குப் போட்டுவிடவில்லை. அதன் அடிப்பாகத்தைக் கொஞ்சம் நீட்டி, மேலே 130 மி.மீ. பீரங்கியைப் பொருத்தி, கேட்டபல்ட் என்று பெயர் வைத்தார்கள். அம்மாவின் பட்டுப்புடவையை மகளுக்குப் பாவாடையாகத் தைப்பது போல. புடவையாக இனி உடுத்த முடியாது, ஆனால் துணி இன்னும் நன்றாக இருக்கிறது. பழையதைப் பயன்படுத்துவதில் இதுவும் ஒரு வழி. படையில் இது புதிய யோசனையும் இல்லை. டி-55 என்ற ரஷ்ய டாங்கிகளில் பலவற்றின் பீரங்கியைக் கழற்றிவிட்டு 105 மி.மீ. பீரங்கி மாட்டி ஓட்டியிருக்கிறார்கள்.

புதியது என்றாலே உசத்தி என்று நினைப்பவர்களுக்கு 1965 செப்டம்பரில் நடந்த அசல் உத்தர் போரைச் சொல்ல வேண்டும். பஞ்சாபில், கேம்கரண் பக்கம். பாகிஸ்தானிடம் அன்று அமெரிக்கா கொடுத்த பேட்டன் டாங்கிகள் இருந்தன. நம்மிடம் இருந்தவை செஞ்சுரியன், ஏஎம்எக்ஸ்-13, அதோடு இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஷெர்மன். காகிதத்தில் பேட்டன்தான் மேல். நம் ஆட்கள் வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கரும்புக் கொல்லைக்குள் வண்டிகளை ஒளித்துவைத்துக் காத்திருந்தார்கள். சேற்றில் சிக்கிய பேட்டன்கள் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நின்றன. மூன்று நாளில் தொண்ணூறுக்கு மேற்பட்ட பாகிஸ்தான் டாங்கிகள் போயின என்பது நம் பக்கக் கணக்கு. ஜீப்பில் பொருத்திய பீரங்கியை வைத்துக்கொண்டு டாங்கிகளை அடித்த அப்துல் ஹமீது பரம்வீர் சக்ரா பெற்றது இந்தப் போரில்தான். ஓட்டுபவனும் சுடுபவனும் தன் வண்டியை அறிந்திருந்தால் பழைய வண்டியும் ஜெயிக்கும் என்று காட்டிய நாட்கள் அவை. ஆனால் ஒன்று. எல்லாப் போரிலும் கரும்புக் கொல்லை கிடைக்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்று நம் படையின் டாங்கிகளில் பெரும்பங்கு டி-72. இங்கே அதற்கு அஜேயா என்று பெயர். 1970களின் கடைசியில் சோவியத் யூனியனிடமிருந்து வாங்க ஆரம்பித்து, 1980களில் உரிமம் பெற்று ஆவடியிலேயே செய்தார்கள். சுமார் 2,400 வண்டிகள். சின்ன உருவம், 41.5 டன் எடை, 125 மி.மீ. பீரங்கி, உள்ளே மூன்றே பேர். நான்காவது ஆளான குண்டு நிரப்புபவருக்குப் பதில் ஒரு இயந்திரம் இருக்கிறது.

இதை ஏற்கெனவே பலமுறை மேம்படுத்தியிருக்கிறார்கள். எதிரியின் ஏவுகணை பட்டால் தானே வெடித்து அதன் வேகத்தைக் கெடுக்கும் கவசக் கட்டிகளை மேலே ஒட்டினார்கள். இரவில் வெப்பத்தை வைத்துப் பார்க்கும் கருவி, ஜிபிஎஸ், நல்ல ரேடியோ எல்லாம் வந்தன. இவ்வளவையும் ஏற்றியபின் பழைய 780 குதிரைத்திறன் எஞ்சின் திணறத்தானே செய்யும்? 2025 மார்ச்சில் ரஷ்யாவின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட் நிறுவனத்தோடு ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். 24.8 கோடி டாலர், அன்றைய மதிப்பில் 2,100 கோடி ரூபாய்க்கு மேல். டி-72-க்கு 1000 குதிரைத்திறன் எஞ்சின்கள் வாங்குவதற்கு. கொஞ்சம் முழுசாக வரும், மீதி உதிரிகளாக வந்து இங்கே பூட்டப்படும். ஆவடியில் உரிமம் பெற்றுத் தயாரிக்கத் தொழில்நுட்பமும் தருவார்கள்.

இது நல்ல செலவா? வங்கிக்காரன் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். டாங்கி எஞ்சினை எடைபோட ஒரு சுலபமான கணக்கு உண்டு. குதிரைத்திறனை டன்னால் வகுக்க வேண்டும். 780-ஐ 41.5-ஆல் வகுத்தால் டன்னுக்குச் சுமார் 19 குதிரை. புது எஞ்சினில் அதே எடைக்கு 24. கவசமெல்லாம் சேர்ந்து 44 டன் ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டால்கூட 22-க்கு மேல் நிற்கும். 46.5 டன்னும் 1000 குதிரைத்திறனும் கொண்ட டி-90-க்கே 21.5தான் வருகிறது. ஆக, நடையில் பழைய வண்டி புது வண்டிக்குச் சமமாகிவிடுகிறது.

இனி மறுபக்கம். 2021 செப்டம்பரில் அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகள் 118-க்கு ஆவடியில் ஆர்டர் கொடுத்தார்கள். மொத்தம் 7,523 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய 64 கோடி. எஞ்சினுக்குப் போட்ட பணத்தில் 33 அர்ஜுன் வாங்கலாம். 33 டாங்கி என்பது ஒரு ரெஜிமெண்டுக்குக்கூடக் காணாது. ஆயிரக்கணக்கில் பழைய வண்டிகளை வைத்திருக்கும் நாடு அவற்றை ஓடுகிற நிலையில் வைத்திருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. நம் அடுக்குமாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் அடிக்கலாம், பைப் மாற்றலாம், வயரிங்கை முழுசாகப் புதுசாகப் போடலாம். தூணை நகர்த்த முடியுமா? டி-72-இன் தூண் எங்கே இருக்கிறது தெரியுமா? குண்டு வைக்கிற இடத்தில். அந்த மூன்று பேர் உட்காரும் இடத்துக்குக் கீழே, ஒரு வட்டத் தட்டில், ராட்டினம் மாதிரி, குண்டுகளும் வெடிமருந்தும் அடுக்கியிருக்கின்றன. இயந்திரம் அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும். வண்டி சின்னதாக இருப்பதற்குக் காரணமே அந்த அமைப்புதான். கவசத்தைத் துளைத்துக்கொண்டு ஏதாவது உள்ளே வந்தால், அந்தத் தட்டு மொத்தமும் வெடிக்கும். உக்ரைன் போரின் படங்களில் டாங்கியின் தலைப்பகுதி தனியே பறந்துபோய்க் கிடப்பதைப் பலரும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருந்த மூன்று பேரும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள். எந்த எஞ்சினும் எந்த ரேடியோவும் இதைச் சரிசெய்யாது. தலைமுதல் அடிவரை புதிதாக வரைந்தால்தான் முடியும்.

அர்ஜுனில் இதை வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். நான்கு பேர் இருப்பார்கள். குண்டுகளைத் தனிப் பெட்டிகளில் வைத்து, வெடித்தால் அழுத்தம் வெளிப்பக்கம் போகும்படி வழிவிட்டிருக்கிறார்கள். அதனால் வண்டி பெரிசு, கனமும் அதிகம். உயிருக்குக் கொடுக்கிற விலை டன் கணக்கில் வருகிறது.

அர்ஜுன் கதையைச் சொல்லும்போது எனக்கு வீட்டுக் கடன் நினைவுதான் வரும். 800 சதுர அடிக்கு பிளான் கொண்டுவந்து கடன் வாங்குவார்கள். அஸ்திவாரம் போட்டதும் மாடி வேண்டும் என்பார்கள். மாடி எழும்பும்போது பால்கனி, கார் நிறுத்த இடம். ஒவ்வொரு தடவையும் எஸ்டிமேட் திருத்தம். கடைசியில் வீடு முடிவதற்குள் பையனுக்குக் கல்யாணமே ஆகிவிடும். அர்ஜுனுக்கு 1974-ல் அனுமதி கொடுத்தபோது போட்ட தொகை 15 கோடி சொச்சம். 1990களின் நடுவில் மேம்பாட்டுச் செலவு மட்டும் 300 கோடியைத் தாண்டியிருந்தது. முதலில் யோசித்தது 40 டன் அளவில் ஒரு வண்டி, 105 மி.மீ. பீரங்கி. பக்கத்து நாடுகள் பெரிய டாங்கி வாங்க வாங்கப் படையின் தேவைப்பட்டியலும் மாறியது. 120 மி.மீ. பீரங்கி, கனமான காஞ்சன் கவசம், கடைசியில் 58.5 டன். சொந்தமாக எஞ்சின் செய்கிற முயற்சி பலிக்காமல் ஜெர்மனியின் எம்டியு கம்பெனியிடம் 1400 குதிரைத்திறன் எஞ்சின் வாங்கினார்கள். கியர் அமைப்பும் ஜெர்மனியின் ரெங்க் கம்பெனிதான்.

யார் மேல் குற்றம் என்று பட்டிமன்றம் நடத்தினால் இரண்டு அணிக்கும் ஆள் கிடைப்பார்கள். படையைக் கேட்டால் ஆவடி டிசைன்காரர்கள் இழுத்தடித்தார்கள் என்பார்கள். டிசைன்காரர்களைக் கேட்டால் படை கோல்போஸ்ட்டை நகர்த்திக்கொண்டே இருந்தது என்பார்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் மேலே உட்கார்ந்து "இந்தத் தேதிக்குப் பிறகு பிளானில் கை வைக்கக் கூடாது" என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. அப்படி ஒருவர் இருந்ததாகத் தெரியவில்லை. அங்கேதான் பணம் ஒழுகியது.

இவ்வளவுக்கும் பிறகு வண்டி மோசமா என்றால், இல்லை. 2000-ல் 124-க்கு ஆர்டர் கொடுத்தார்கள், 2004-ல் முதல் வண்டிகளை ஒப்படைத்தார்கள். 2010-ல் ராஜஸ்தான் பாலைவனத்தில் அர்ஜுனையும் டி-90-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தபோது அர்ஜுன் நன்றாகவே செய்தது என்று பத்திரிகைகள் எழுதின. எடை பற்றிய புகார் உண்மைதான். மார்க்-1ஏ 68 டன்னைத் தொட்டுவிட்டது. பஞ்சாபின் கால்வாய்ப் பாலங்கள் எத்தனை அதைத் தாங்கும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் கனமான வண்டி மணலில் புதையும் என்று சிலர் சொல்வது பொருந்தாது. சங்கிலிப் பட்டை அகலமாக இருப்பதால் பாரம் பரவிவிடுகிறது. 2021 பிப்ரவரியில் சென்னைக்கு வந்து பிரதமர் மார்க்-1ஏ-வைப் படைக்கு ஒப்படைத்தார். பழைய அர்ஜுனைவிட 72 புது அம்சங்கள். கவனியுங்கள், இதுவும் மேம்பாடுதான். சொந்த டிசைன் கையில் இருந்தால் அதை மேம்படுத்தவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நடுவில் மூன்றாவது வழி ஒன்றும் ஓடியது. வாங்கிவிடுவது. 2001-ல் டி-90 டாங்கிகள் 310-க்கு ரஷ்யாவோடு ஒப்பந்தம். அவசரம், அதனால் வாங்குகிறோம் என்றார்கள். ஆவடியில் முழுசாகச் செய்த முதல் டி-90 படைக்குப் போனது 2009-ல். எட்டு வருடம். தொழில்நுட்பம் தருகிறேன் என்று கையெழுத்துப் போடுவதும், கடைசி வரைபடம் வரை கைக்கு வந்து சேர்வதும் வேறு வேறு. பாலைவன வெயிலில் அதன் இரவுப் பார்வைக் கருவி படுத்துக்கொண்டதும் செய்திகளில் வந்தது. 2019-ல் மேலும் 464-க்கு ஆவடிக்கு ஆர்டர், 13,000 கோடிக்கு மேல். விலையில் அர்ஜுனில் பாதிகூட இல்லை என்பது உண்மை. ஆனால் குண்டு ராட்டினம் அதே இடத்தில்தான்.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்? இரண்டை மட்டும் சொல்கிறேன். இஸ்ரேல் பழைய செஞ்சுரியன் டாங்கியை வாங்கி, பீரங்கியையும் எஞ்சினையும் மாற்றிப் பல வருடம் வெற்றிகரமாக ஓட்டியது. 1969-ல் பிரிட்டன் தன் சீஃப்டனை விற்க மறுத்தது. அதற்கப்புறம்தான் அவர்கள் மெர்காவாவை வரைய உட்கார்ந்தார்கள். 1979-ல் படையில் சேர்த்துவிட்டார்கள். எஞ்சினை முன்னால் வைத்தார்கள், குண்டு வந்தால் ஆளுக்கு முன் எஞ்சின் வாங்கிக்கொள்ளட்டும் என்று. வரைவதற்கு முன்பே, ஆளைக் காப்பது முதல் என்று முடிவு செய்திருந்தார்கள். அதற்காகப் பழைய செஞ்சுரியனைத் தூக்கிப் போட்டுவிடவில்லை, மெர்காவா வந்து சேரும்வரை அதுதான் காவல் காத்தது.

அமெரிக்காவின் ஏப்ராம்ஸ் 1980-ல் வந்தது. அப்போது சுமார் 54 டன். அதன் மேல் அடுக்கு அடுக்காக மேம்பாடு செய்து 66 டன்னுக்கு மேல் கொண்டுபோனார்கள். 2023 செப்டம்பரில் அவர்கள் படையே, எடையைக் கூட்டாமல் இனி எதுவும் சேர்க்க வழியில்லை என்று சொல்லி, நடந்துகொண்டிருந்த அடுத்த மேம்பாட்டை நிறுத்திவிட்டு, எம்1இ3 என்று புதிதாக வரையத் தொடங்கிவிட்டது. பணத்துக்குக் குறைவில்லாத நாட்டுக்கே மேம்பாட்டில் ஒரு எல்லை வந்தது.

வங்கியில் நாங்கள் பார்த்ததும் கிட்டத்தட்ட இதே கதை. 1980களின் கடைசியில் லெட்ஜர் போஸ்டிங் மிஷின் வந்தது. கையால் எழுதிய பேரேட்டை மிஷினில் அடித்தோம், அவ்வளவுதான். பிறகு கிளைக்கு ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஒரு சாஃப்ட்வேர், அதன் மேல் ஒட்டுக்கு மேல் ஒட்டு. கூடுவாஞ்சேரிக் கணக்கில் திருச்சியில் பணம் எடுக்க வேண்டுமென்றால் எந்த ஒட்டும் உதவவில்லை. கோர் பேங்கிங் என்று அடியோடு வேறு அமைப்பு வந்தபிறகுதான் முடிந்தது. மாறிய காலத்தில் என்ன செய்தோம்? பேரலல் ரன். பழையதிலும் பதிவு, புதியதிலும் பதிவு. இரவு ஒன்பது மணிவரை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு பைசா உதைத்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. புதியது நிற்கும்வரை பழையதை அணைக்கவில்லை. புதியது நின்றதும் பழையதற்கு ஒரு ரூபாய்கூட மேலே செலவழிக்கவில்லை.

லடாக்கையும் சொல்லாமல் விட முடியாது. 1948 நவம்பரில் சோஜி லா கணவாயில், 11,000 அடிக்கு மேலே, ஸ்டுவர்ட் என்ற சின்ன டாங்கிகளை ஏற்றி எதிரியைத் திகைக்க வைத்தார் ஜெனரல் திம்மையா. தலைப்பகுதியைத் தனியாகக் கழற்றி, மூடி மறைத்து ரகசியமாகக் கொண்டுபோனார்கள். அந்த மலைத்தடத்தை டாங்கி போகும்படி வெட்டிக் கொடுத்தது நம் மெட்ராஸ் சாப்பர்ஸ். 2020-ல் சீனாவோடு உரசல் வந்தபோது டி-72, டி-90 வண்டிகளையே மேலே ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினார்கள், நின்றார்கள். ஆனால் அந்த உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சினின் சக்தி குறையும், எரிபொருள் உறையும். சீனாவிடமோ மலைக்கென்றே செய்த லேசான டாங்கி இருந்தது. அதன்பிறகு ஆவடியில் இருக்கும் டிஆர்டிஓ-வின் சிவிஆர்டிஇ ஆய்வகமும் எல் அண்ட் டி-யும் சேர்ந்து சோராவர் என்ற 25 டன் டாங்கியை வரைந்தன. 2024 ஜூலையில் குஜராத்தின் ஹஸீராவில் முதல் வண்டியைக் காட்டினார்கள். அதே டிசம்பரில் 4,200 மீட்டர் உயரத்தில் சுட்டுப் பார்த்துவிட்டார்கள். அர்ஜுனுக்குப் பல பத்தாண்டு எடுத்த வேலையில் முதல் கட்டம், இங்கே ஓரிரு ஆண்டில். காரணம் மந்திரம் ஒன்றும் இல்லை. என்ன வேண்டும் என்பது ஒரே வரியில் தெளிவாக இருந்தது. அர்ஜுனில் பட்டறிந்த கைகளும் அங்கே இருந்தன. எஞ்சின் மட்டும் இதிலும் வெளியிலிருந்துதான். ஜெர்மன் எஞ்சினுக்கு ஏற்றுமதி அனுமதி இழுத்ததால் அமெரிக்க கம்மின்ஸ் எஞ்சினுக்கு மாறினார்கள்.

அதனால்தான் ஆரம்பத்தில் அந்தச் சொல்லை நினைவில் வைக்கச் சொன்னேன். விஜயந்தா, அர்ஜுன், சோராவர், டி-72, எதை எடுத்தாலும் முடிச்சு எஞ்சினில். 2024 மார்ச் 20 அன்று மைசூரில் பெமல் எஞ்சின் பிரிவில் 1500 குதிரைத்திறன் கொண்ட உள்நாட்டு டாங்கி எஞ்சினை முதன்முதலாக ஓட்டிப் பார்த்தார்கள். பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாக வந்த செய்தி. என் வரையில் அது முதல் பக்கச் செய்தி. சோதனை மேடையில் ஓடுவதற்கும், வண்டியில் ஏறிப் பாலைவனப் புழுதியைத் தின்றுகொண்டு ஓடுவதற்கும் நடுவில் வருடங்கள் இருக்கின்றன. அந்த வருடங்களுக்குத்தான் தாராளமாகப் பணம் கொடுக்க வேண்டும்.

டி-72-க்குப் பதிலாக வரவேண்டிய புது டாங்கித் திட்டத்துக்கு எஃப்ஆர்சிவி என்று பெயர். 2021-ல் 1,770 வண்டி வேண்டும் என்று கம்பெனிகளிடம் விவரம் கேட்டார்கள். 2024 செப்டம்பரில் பாதுகாப்புக் கொள்முதல் குழு முதல்கட்ட ஒப்புதல் கொடுத்தது. என்னைக் கேட்டால், டி-72-க்கு எஞ்சின் மாற்றட்டும், இரவுப் பார்வையைச் சரியாக்கட்டும். அதோடு கோடு போட்டு நிறுத்திவிட வேண்டும். இவ்வளவு போட்டாச்சே, இன்னும் கொஞ்சம் போடலாமே என்ற எண்ணம் வரும். காஸ்டிங் பாடத்தில் சங்க் காஸ்ட் என்று சொல்லிக் கொடுத்தார்கள். போன பணம் அடுத்த முடிவுக்குச் சாட்சி சொல்ல வரக் கூடாது. நம் சங்கத்தில் லிஃப்ட் விஷயம் அடுத்த பொதுக்குழுவில் வருகிறது, அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

புது டாங்கி வருவதற்குள் அர்ஜுனுக்குச் சின்னச் சின்னதாக ஆர்டர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் என் எண்ணம். 124 கொடுத்துவிட்டு இருபது வருடம் கழித்து 118 என்றால், நடுவில் வெல்டிங் கற்ற கை ஓய்வு பெற்றுவிடும். கடைசல் பட்டறை வைத்திருப்பவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். 118 வண்டி ஆர்டரால் 200-க்கு மேற்பட்ட உதிரிபாக நிறுவனங்களுக்கு வேலை, சுமார் 8,000 பேருக்கு வாய்ப்பு என்று பாதுகாப்பு அமைச்சகமே சொன்னது. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியபோது அதை நம்பியிருந்த சின்னப் பட்டறைகள் என்ன பாடுபட்டன என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கியர், ஷாஃப்ட், பம்ப் செய்யத் தெரிந்தவர்கள் இந்த ஜி.எஸ்.டி. சாலை நெடுக இருக்கிறார்கள். 2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னையும் ஒரு முனை. வருடா வருடம் ஆர்டர் வரும் என்று தெரிந்தால்தான் ஒருவர் வங்கிக்குப் போய் மிஷின் வாங்கக் கடன் கேட்பார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவன் சொல்கிறேன், ஒற்றை ஆர்டர் காகிதத்தை நம்பி எந்த மேனேஜரும் கையெழுத்துப் போட மாட்டார்.

உரை முடிந்ததும் பி பிளாக் தம்பி ஒருவர் கேட்ட கேள்வியையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். "அங்கிள், சில ஆயிரம் ரூபாய் டிரோன் 60 கோடி டாங்கியை அடிக்குதே, இனிமே டாங்கியே எதுக்கு?" என்றார். நல்ல கேள்வி. 2020-ல் ஆர்மீனியாவும் அசர்பைஜானும் மோதியபோதும், பிறகு உக்ரைனிலும் டிரோன்கள் டாங்கிகளைக் கூட்டம் கூட்டமாக அடித்தன. ஆனால் அதே உக்ரைன் இரு பக்கமும் டாங்கி வேண்டும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது. இடத்தைப் பிடித்து நிற்க வேறு வண்டி இல்லை. டிரோன் மாற்றியது என்னவென்றால், டாங்கிக்கு மண்டைமேல் கவசம் வேண்டும், வருகிற ஏவுகணையை நடுவழியில் அடிக்கும் கருவி வேண்டும், சிக்னலைக் குழப்பும் கருவி வேண்டும். இஸ்ரேல் மெர்காவாவில் அப்படி ஒன்றை 2011-லேயே போரில் பயன்படுத்தியது. இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும், இடம் வேண்டும். 1970களில் வரைந்த வண்டியில் இரண்டுமே கிடையாது. பழைய வீட்டில் ஐந்து ஆம்பியர் வயரிங்கில் நாலு ஏசி மாட்டப் பார்க்கிற கதை. கொஞ்ச நாள் ஓடும், மெயின் டிரிப் ஆகும். தம்பி எலக்ட்ரிக்கல் படிக்கிறாராம், சட்டென்று புரிந்துகொண்டார். ஆவடியில் அப்ரண்டிஸ் எடுக்கிறார்களா என்று அடுத்த கேள்வி கேட்டார்.